கூரைமேல் மின்சாரம்: பரிசோதிப்பவர் யார்?

திருவண்ணாமலை அக்னி ஸ்தலம். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் எழும் ஜோதியைத் தரிசிக்க லட்சக்கணக்கான ஜனங்கள் அங்கே கூடுகிறார்கள். அந்த மலையின் அடிவாரத்து வீட்டு மாடிகளிலும், நம் ராஜ்யத்தின் மற்ற ஊர்களிலும், வெயிலை மின்சாரமாக்கும் சூரியத் தகடுகள் இப்போது இடம் பெற்று வருகின்றன. இதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். தன் வீட்டு விளக்குக்கு வேண்டிய சக்தியைத் தன் கூரையிலேயே உண்டாக்கிக்கொள்வதைக் காட்டிலும் சிறந்த சுதேசியம் வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் நெருப்பை மலைமேல் வணங்குவது வேறு. கவனக்குறைவால் வீட்டின்மேல் வரவழைத்துக்கொள்வது வேறு.

மத்திய சர்க்கார் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தின் நோக்கம் ஒரு கோடி வீடுகளில் இத்தகடுகளை அமைப்பது. அதற்கென ஒதுக்கிய தொகை 75,021 கோடி ரூபாய். 1 கிலோவாட் அமைப்புக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. அதே மாதத்தில் மின் நுகர்வோர் உரிமை விதிகளும் திருத்தப்பட்டன. 10 கிலோவாட் வரை முன்கூட்டிய தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்றாயிற்று. மின் விநியோக நிறுவனம் இணைப்பைத் தொடங்கிவைக்கும் கெடு 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைந்தது. தாமதத்தால் அலுத்துப்போன ஜனங்களுக்கு இவை நல்ல திருத்தங்களே. எனினும், வேகத்தைக் கூட்டியவர்கள் பரிசோதனையையும் அதே அளவுக்குக் கூட்டினார்களா என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

திட்டத்தின்படி, மின் விநியோக நிறுவனம் பரிசோதித்துச் சான்று வழங்கிய பின்னரே மானியம் வீட்டுக்காரரின் கணக்கில் சேரும். ஏற்பாடு சரியானதுதான். ஆனால் பரிசோதனை என்பது எதுவரை? மாடிப்படி ஏறாமல், கீழே மீட்டரைப் பொருத்தி, மேலே எடுத்த புகைப்படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் பரிசோதனை என்றே ஏட்டில் பதிவாகிவிடக் கூடும். அபாயமோ மீட்டரில் இல்லை, கூரையில் இருக்கிறது.

அபாயம் எத்தகையது என்பதைப் பாமரரும் அறிந்துகொள்ளலாம். தெருக் கம்பியில் வருவது மாறுதிசை மின்சாரம். அது விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால், அதில் எழும் தீப்பொறி அணைவதற்கு வாய்ப்பு உண்டு. தகடுகளிலிருந்து வருவது நேர்த்திசை மின்சாரம். இணைப்பு தளர்ந்து பொறி கிளம்பினால் அது எளிதில் அணையாது. ஒரு தகடு தருவது ஏறத்தாழ 50 வோல்ட்டாயினும், ஆறு தகடுகளைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட் ஆகிறது. மெயின் சுவிட்சை நிறுத்தினாலும், வெயில் உள்ளவரை தகட்டுக் கம்பியில் உயிர் இருக்கும். ஒரு கம்பெனியின் இணைப்பானை வேறொரு கம்பெனியின் இணைப்பானோடு பொருத்துவது, எர்த் கம்பியை அரைகுறையாக விடுவது, வெயிலில் வெடிக்கும் மலிவுக் கம்பியை உபயோகிப்பது ஆகிய சிறு சிக்கனங்களே பெரும் தீக்குக் காரணமாகின்றன.

அபாயம் வீட்டுக்காரரோடு நிற்பதுமில்லை. தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறும் லைன்மேன், கம்பியில் மின்னோட்டம் இல்லை என்று நம்பியே கை வைக்கிறார். தெரு மின்சாரம் நின்றதும் வீட்டு இன்வெர்ட்டரும் தானே நின்றுவிட வேண்டும் என்று விதி இருப்பது அவர் உயிரைக் காப்பதற்காகவே. அது நிற்கிறதா என்பதை ஒரு சுவிட்சை இறக்கிச் சில நிமிஷங்களில் பார்த்துவிடலாம். அந்தச் சில நிமிஷங்களைச் செலவிட மறுப்பது மன்னிக்க முடியாத குற்றமாகும்.

காற்றையும் மறக்கலாகாது. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயலின் மழையால், மறுநாள் அண்ணாமலையார் மலைச்சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் ஏழு பேர் மாண்ட துயரத்தைத் திருவண்ணாமலை மறக்கவில்லை. கடற்கரைக்கு வெகு தூரம் உள்ளே இருக்கிறோம் என்ற நிம்மதி போதாது என்பதே அதன் பாடம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர்மீது சுமார் 90 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 3 கிலோவாட் அமைப்பின் பரப்பு ஏறத்தாழ 15 சதுர மீட்டர். அதன் தாங்கிகள்மீது விழக்கூடிய பாரம் ஒரு டன்னுக்கு மேல். நான்கு போல்ட்டுகளை மேல்பூச்சில் முடுக்கிவிட்டுப் போனால், தகடு அடுத்த வீட்டுத் திண்ணையில்தான் வந்து விழும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மின்சார இன்ஸ்பெக்டர் என்ற உத்தியோகத்துக்கு 1910-ம் வருஷச் சட்டத்திலேயே இடம் இருந்தது; 2003-ம் வருஷச் சட்டத்தின் 162-வது பிரிவும் அதை நிலைநிறுத்தியிருக்கிறது. எர்த்துக்கு ஐ.எஸ். 3043, காற்றின் பாரத்துக்கு ஐ.எஸ். 875, முடிந்த வேலையைச் சோதிக்க ஐ.இ.சி. 62446 என்று தரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஏட்டில் உள்ள இந்தத் தரங்கள் மாடிக்கு ஏறி வரவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

மானியத்தின் வேகத்துக்குப் பரிசோதனை ஈடு கொடுக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 2009-ல் அந்நாட்டு சர்க்கார் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத் தடுப்பு அமைக்க அவசர அவசரமாக மானியம் வழங்கிற்று. அனுபவமற்றவர்கள் தொழிலில் புகுந்தார்கள். இளந்தொழிலாளர் நால்வர் உயிரிழந்தனர். 2010 பிப்ரவரியில் திட்டமே நிறுத்தப்பட்டது. சூரியத் தகடுகளிலும் அந்நாடு பாடம் கற்றது. அங்கே ஆண்டுதோறும் சில அமைப்புகளைப் பொறுக்கியெடுத்துப் பரிசோதிக்கிறார்கள். அவற்றில் ஐந்தில் ஒன்றுக்குக் குறையாதவை தரக்குறைவாகவோ அபாயகரமாகவோ இருந்தன என்று 2018-ல் வெளிப்பட்டது. பரிசோதித்ததனால்தான் இது தெரிந்தது. பரிசோதிக்காத நாட்டில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

பரிசோதனை என்றால் லஞ்சம், அலைச்சல் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றதென்று நாம் சொல்ல மாட்டோம். பரிசோதனையைக் கைவிடுவது அதற்குப் பரிகாரமல்ல. அதைப் பகிரங்கமாக்குவதே பரிகாரம். என்னென்ன சோதிக்கப்படும் என்ற பட்டியல் ஒரே தாளில், தெளிவான தமிழில், விண்ணப்பிக்கும்போதே வீட்டுக்காரர் கைக்கு வரட்டும். அளந்த எண்களோடு அதே தாளில் கையெழுத்திட்டு ஒரு பிரதியை அவரிடம் கொடுக்கட்டும். அமைத்தவரே தம் வேலைக்குத் தாமே நற்சான்று வழங்கிக்கொள்ளாதிருக்கட்டும். 15 நாள் கெடு அப்படியே இருக்கட்டும். ஆனால் சான்றுபெற்ற வீடுகளில் சிலவற்றை முன்னறிவிப்பின்றி மறுபடி சோதித்து, முடிவை ஜில்லாவாரியாக வெளியிடட்டும். ஐந்து வருஷம் பராமரிக்கும் பொறுப்பு அமைத்தவருக்கு உண்டு. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் முன்பாக அவரை வரவழைத்துப் போல்ட்டையும் எர்த்தையும் சரிபார்க்கச் செய்வது வீட்டுக்காரரின் கடமை.

2024-ல் மாநகராட்சியான திருவண்ணாமலை இதற்கு வழிகாட்டலாம். ஊர் ஊழியர்கள் கிராம சபைகளிலும் வார்டுக் கூட்டங்களிலும் இக்கோரிக்கையைத் தீர்மானமாக்க வேண்டும். மானியம் ஜனங்களின் வரிப்பணம். கூரை அவர்களுடைய கூரை. அதன் கீழே உறங்குபவர்கள் அவர்களுடைய குழந்தைகள். மாடிப்படி ஏறிப் பாராமல் எழுதிய சான்றை ஏற்க மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதிகாரிகள் விபத்துக்காகக் காத்திராமல் இப்பொழுதே மாடியேறுவார்களாக.