மூளையின் பெயரால்

இப்போதெல்லாம் ஆசிரியர் செயலமர்வுகளில் மூளைதான் பேச்சு. பார்த்துப் படிப்பவன், கேட்டுப் படிப்பவன், செய்து படிப்பவன் என்று பிள்ளைகளைப் பங்கு வைக்கச் சொல்கிறார்கள். ஆதாரம் எங்கே? ஹரோல்ட் பாஷ்லர் முதலான நான்கு உளவியலாளர்கள் 2008இலேயே ஆய்வுகளைத் துருவிப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்றில்லை என்று எழுதிவிட்டார்கள். இடது மூளைக்காரன், வலது மூளைக்காரன் என்பதும் இதே சரக்குத்தான்.

சான்றுள்ளதைச் சொல்லத்தான் ஆளில்லை. 2006இல் ரொடிகரும் கார்ப்பிக்கியும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைச் சோதித்தார்கள். நான்கு சுற்றும் ஒரே பாடத்தை வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரத்தின் பின் அவர்களுக்கு நினைவிருந்தது நூற்றுக்கு 40. முதற் சுற்றில் மட்டும் வாசித்து, மற்ற மூன்றிலும் பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கோ 61.

நம்மிடம் பரீட்சைக்கா பஞ்சம் என்பீர்கள். அது புள்ளி போடும் பரீட்சை. தரம் ஐந்துப் பிள்ளையை அழவைப்பது. நான் சொல்வது வேறு. கொப்பியை மூடிவிட்டு, நேற்றைய பாடத்தை அரைத்தாளில் எழுதட்டும். புள்ளி வேண்டாம். பிறகு கொப்பியைத் திறந்து பிள்ளையே திருத்தட்டும்.

இதற்கு மல்டிமீடியா தேவையில்லை, மதியச் சாப்பாட்டுப் பார்சலும் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ, நான் போன எந்தச் செயலமர்விலும் இதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.