வான்கதவு திறக்கிற சேதி ஆருக்கு, எப்ப?

2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடு வான்கதவுகளை எப்ப திறந்தவை என்று இன்னும் வாதாடுகிறோம். எங்கள் கேள்வி வேறு: அந்தச் சேதி கண்டாவளைக்கு எப்படிப் போய்ச் சேருது? வாட்ஸ்அப்பில் நேற்றையதும் இன்றையதும் கலந்துதான் வருது.

இதுக்குத்தான் மெசேஜ் புரோக்கர். தபால் கந்தோர் மாதிரி. குளத்துக் கருவி நீர்மட்டத்தை அனுப்பினால், கேட்டுப் பதிந்த எல்லாருக்கும் அது பிரித்துக் கொடுக்கும். இதற்கான எம்.கியூ.டி.டி. முறை 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க உருவானது. விட்டுவிட்டு வரும் இணைப்புக்கே செய்தது. வன்னிக்குப் பொருந்தாதா? மொஸ்கிற்றோ மென்பொருள் இலவசம், ராஸ்பெரி பையிலயே ஓடும்.

நிறுவுவது லேசு, நடத்துவதுதான் பாடு. கடவுச்சொல் இல்லாட்டி ஆரும் "கதவு திறக்குது" என்று பொய் அனுப்பலாம். கடைசிச் சேதியைப் புரோக்கரிலேயே தங்கவைத்தால் பிந்தி இணைபவருக்கும் கிடைக்கும். ஆனால் நேரமும் சேர்ந்து போகவேணும், இல்லாட்டிப் பழையது புதுசாய்த் தெரியும். மழைக்குள் கரண்ட் போகும், பற்றரி வேணும்.

நீர்மட்டம் இரகசியமில்லை. அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கு, நாங்களும் இருக்கிறம். அடுத்த மாரிக்கு முதல் தொடங்குவம்.