'பால் குடிக்கவில்லை' என்னும் குறிப்பு

களப் பணியாளர் குறிப்புகளை மொழிபெயர்க்குங்கால் என் பேனாவை அடிக்கடி நிறுத்தும் தொடர் ஒன்று உண்டு. 'குழந்தை பால் குடிக்கவில்லை' என்பதே அது. உறிஞ்ச இயலவில்லையா, விழுங்க இயலவில்லையா, அன்றி நேற்றுவரை நன்கு குடித்த குழந்தை இன்று மறுக்கின்றதா? மூன்றையும் ஒரே வினைச்சொல் மூடிவிடுகின்றது.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. 2,500 கிராமுக்குக் குறைந்திருப்பது எடை குறைந்த குழந்தை. இரண்டும் ஒன்றல்ல. நிறைமாதத்தில் 2,200 கிராம் எடையுடன் பிறந்த குழந்தை பெரும்பாலும் மார்பிலேயே குடித்துவிடும். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகியவற்றை இணைக்கும் ஆற்றலோ ஏறத்தாழ 34 வார வளர்ச்சியில்தான் கைகூடுகின்றது. ஆதலின் 32 வாரக் குழந்தை உறிஞ்சாதிருப்பின் அது தாயின் குறையன்று, சேயின் வயது. அதற்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்டலாம். அதனினும் முந்திப் பிறந்ததற்கு மருத்துவமனையில் குழாய்வழிச் செலுத்துவர். (நம் பாட்டிமார் கையாண்ட இச்சிறு கலத்தை ஆங்கில மருத்துவக் கட்டுரைகளும் 'பாலாடை' என்றே வழங்குகின்றன. மொழிபெயர்ப்பாளனுக்கு இத்தகைய நற்பேறு அரிது.)

நடப்பதென்ன? 'குடிக்கவில்லை' என்றெழுதியது, படிப்போர் மனத்தில் 'தாய்க்குப் பாலில்லை' என்றாகி, டப்பாப் பாலும் புட்டியும் வீட்டினுள் புகுகின்றன. அவற்றின் விளம்பரத்தை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. இச்சொற்குழப்பத்தைத் தடுக்க அதனால் இயலாது. குறைமாதத்தில் பெற்ற தாயின் முதல் வாரப் பாலில் புரதம் மிகுதி என்பதைப் பலர் அறியார். சேய் உறிஞ்சாத நாட்களில், இரவு உட்பட, நாளொன்றுக்கு எட்டு முறையேனும் பீய்ச்சாவிடில் பால் சுரப்பது குறையும். பின்னர் 'பாலில்லை' என்பது மெய்யாகவே ஆகிவிடும். தாயின் பால் போதாவிடினும் அடுத்த இடம் பிற தாயர் ஈந்த பாலுக்கே உரியது. மும்பை சயானில் 1989-இல் தோன்றிய பால் வங்கி இதற்கென அமைந்ததே.

மூன்றாம் நிலை முற்றிலும் வேறானது. நன்கு குடித்து வந்த குழந்தை திடீரென மறுப்பது கடுந்தொற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

எனவே, பிறந்த 42 நாள்வரை வீடு சென்று காணும் ஆஷா பணியாளரும், அவர்க்குப் பயிற்சி தரும் ஆசிரியரும் அவ்வொரு தொடரைக் கைவிட்டு, 'உறிஞ்சவில்லை', 'விழுங்கவில்லை', 'இன்றுமுதல் மறுக்கின்றது' என மூன்றாகப் பிரித்தெழுத வேண்டுமென்பது என் கருத்து. படிவத்தில் அதற்கு இடம் போதாதெனின், ஓரத்தில் எழுதலாம்.