அணைந்து எழுந்த பின் அலாரம் அடிக்குமா?



இரவில் அலாரம் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம். இடையில் கருவி அணைந்து மீண்டும் எழுந்தால் அந்த அலாரம் என்னவாகும் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

எனது உம்மாவின் பிரஷர் குளிசைக்கு நேரம் சொல்ல, அவர்களது கையடக்கத் தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தேன். ஓர் இரவு தொலைபேசி தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மீண்டும் எழுந்திருக்கிறது. காலையில் அலாரம் அடிக்கவில்லை, குளிசையும் போடப்படவில்லை. அஸருக்குப் பிறகு நான் போனபோது உம்மா தலைப்பாரத்தோடு சாய்ந்திருந்தார்கள். அன்றுதான் இவ்விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இது இன்று முளைத்த சிக்கலல்ல. 2000ஆம் ஆண்டு பொக்கட் பீசீ எனும் கையடக்கக் கணனிகள் வந்தன. அவற்றில் 'விண்டோஸ்' கோப்புறைக்குள் 'ஸ்டார்ட்அப்' என்றொரு கோப்புறை இருந்தது. வேண்டிய செயலியின் குறுக்குவழியைப் பிரதி செய்து அதனுள் ஒட்டிவிட்டால், கருவியை ரீசெட் செய்யும்போதெல்லாம் அச்செயலி தானே எழும். பவர் பொத்தானை அழுத்தினால் கருவி உறங்குமே தவிர, ரீசெட் ஆகாது. ஆரம்பகாலக் கருவிகளில் பற்றரி முற்றாக இறங்கினால் நாம் ஒட்டிய குறுக்குவழியும் அழிந்துவிடும். 2005இல் வந்த விண்டோஸ் மொபைல் 5 இக்குறையைத் தீர்த்தது.

இன்று நம் கையிலுள்ள அண்ட்ரொய்ட் தொலைபேசியும் ஒரு கையடக்கக் கணனியே. கருவி மீண்டும் எழும்போது செயலிகள் வைத்த அலாரங்கள் அழிந்துவிடுகின்றன. செயலி தானே எழுந்து அவற்றைத் திரும்ப வைக்க வேண்டும். அதற்கு நாம் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, செயலியை நிறுவியதும் ஒரு தடவையாவது திறந்துவிடுங்கள். 2011இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து, ஒருமுறையும் திறக்கப்படாத செயலி தானாக எழாது. 'ஃபோர்ஸ் ஸ்டொப்' கொடுத்து நிறுத்திய செயலியும் அவ்வாறே.

இரண்டாவது, செட்டிங்ஸில் அச்செயலியின் பற்றரிப் பகுதிக்குச் சென்று கட்டுப்பாட்டை நீக்குங்கள். சில தொலைபேசிகளில் 'ஓட்டோஸ்டார்ட்' என்ற தனி அனுமதியும் உண்டு, அதையும் கொடுங்கள்.

மூன்றாவது, கருவி மீண்டும் எழுந்ததும் பூட்டைத் திறங்கள். பூட்டுப் போட்ட தொலைபேசியில், 2016இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து, முதன்முறை திறக்கும்வரை பெரும்பாலான செயலிகள் எழுவதில்லை. எங்கள் வீட்டில் நடந்தது இதுவே. உம்மாவோ அலாரம் கேட்டால்தான் தொலைபேசியைத் தொடுவார்கள். தொலைபேசியோ திறந்தால்தான் அலாரத்தை எழுப்பும்! இப்போது ஃபஜ்ருக்கு எழுந்ததும் ஒருமுறை திறந்துவிடும்படி சொல்லியிருக்கிறேன்.

எல்லாச் செயலிகளுக்கும் இவ்வனுமதியைக் கொடுத்துவிடாதீர்கள். பற்றரியும் நினைவகமும் வீணாகும். உண்மையிலேயே அவசியமான ஒன்றிரண்டுக்கு மட்டும் போதும்.

கடைசியாக ஒரு பரீட்சை. பத்து நிமிடத்தில் அடிக்கும்படி அலாரம் வைத்து, தொலைபேசியை அணைத்து எழுப்பி, பூட்டைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். அடித்தால் நல்லது. அடிக்காவிட்டால், அது இன்றே தெரிந்ததும் நல்லதே. எப்படியிருப்பினும் குளிசைப் பெட்டியின் மேல் நேரத்தை எழுதி ஒட்டிவையுங்கள். அந்தக் கடதாசிக்குப் பற்றரி தேவையில்லை.