கைராசி இல்லை, ஈரம்தான் காரணம்



நம் சாத்தூர்ப் பக்கம் இப்போது தெருவுக்கு ஒரு பிள்ளையாவது வீட்டிலேயே கேக் செய்து ஆர்டர் எடுக்கிறாள். என்னிடம் வேதியியல் படித்த பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்கள் அடிக்கடி கேட்பது இது: "டீச்சர், பட்டர்ஸ்காட்ச் சிப்ஸை உருக்கினா திரிதிரியா கட்டிக்கிடுது. வீட்ல, உன் கைக்கு இனிப்பு சேராதுங்கிறாங்க."

கைராசி என்று ஒன்று கிடையாது பிள்ளைகளே. இருப்பது சூடும் ஈரமும்தான்.

முதலில் பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள. பெயரில் பட்டர் இருந்தாலும் பெரும்பாலான சிப்ஸில் இருப்பது சர்க்கரை, பால் பவுடர், பாமாயில் வகைக் கொழுப்பு, மணத்துக்கு எசென்ஸ். அடுப்புச் சூட்டில் கரைந்து ஓடாமல் உருவம் நிற்பதற்காகவே செய்யப்பட்டது அது. அதனால் உள்ளே இளகிய பிறகும் வெளியே முழுசாகத் தெரியும். உருகவில்லை என்று நினைத்து சூட்டைக் கூட்டுகிறோம். அங்கேதான் காரியம் கெடுகிறது. பால் பவுடர் தீய்ந்து, கொழுப்பு தனியே பிரிந்துவிடும். கண்ணை நம்பாதீர்கள், கரண்டியால் கிளறிப் பாருங்கள்.

இரண்டாவது, தண்ணீர். கொழுப்புக்குள் சர்க்கரைத் துகள் காய்ந்த நிலையில் மிதக்கிறது. ஒரு சொட்டு ஆவி விழுந்தாலும் துகள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஈரம் என்ன செய்யும் என்று தீப்பெட்டி ஆபீஸ் உள்ள ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்தால், கிண்ணத்தின் அடி தண்ணீரில் படக்கூடாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கவும் கூடாது. கிண்ணம், கரண்டி இரண்டும் துடைத்துக் காய்ந்திருக்கட்டும். மைக்ரோவேவ் என்றால் பாதி சூட்டில் 30 விநாடி, எடுத்துக் கிளறு, மறுபடி 30 விநாடி.

இறுக்கமாக இருந்தால் ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் நெய்யோ தேங்காய் எண்ணெயோ விடுங்கள். வெண்ணெய் வேண்டாம். அதில் 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்கலாம்.

இனி என் கருத்து. சிப்ஸ் அவசரத்துக்கு இருக்கட்டும். தொழிலாகச் செய்கிறவர்கள் பட்டர்ஸ்காட்சைத் தாங்களே காய்ச்சப் பழக வேண்டும். அது ஒன்றும் பெரிய சீமை வித்தை இல்லை. இங்கிலாந்தின் டான்காஸ்டர் ஊரில் 19ஆம் நூற்றாண்டில் பேர் வாங்கிய அந்த மிட்டாய், நாட்டுச்சர்க்கரை போன்ற பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்ந்த பாகுதான். சூடு 132 முதல் 143 டிகிரி செல்சியஸ் வரை ஏற வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா? அதிரசத்துக்குப் பார்ப்பது போலத் தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு விடுங்கள். உருட்ட வந்தால் அது அதிரசப் பதம், சுமார் 115 டிகிரி. இழுத்தால் வளைந்து பிறகு உடைந்தால் பட்டர்ஸ்காட்ச். இன்னும் ஏறி டக்கென்று உடைந்தால் கடலை மிட்டாய்ப் பதம். 2020ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாய் நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. அந்தப் பதம் தெரிந்த பாட்டி இல்லாத வீடு இங்கே குறைவு. அவரிடம் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்.

"சேவும் மிட்டாயும் இருக்கிற ஊர்ல கேக் எதுக்கு?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பெண் ஆசைக்குச் செய்யவில்லை, பிள்ளை ஃபீஸுக்குச் செய்கிறாள். ஒரு கிண்ணம் கெட்டால் அது அவள் கைக்காசு. அந்த நேரத்தில் ராசியைப் பேசினால் அவள் அடுத்த முறை முயற்சி செய்யவே பயப்படுவாள். "கரண்டி ஈரமா இருந்துச்சா?" என்று கேட்டால் அடுத்த முறை சரியாகச் செய்வாள்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, உருகுநிலை பாடம் வரும்போது இந்தக் கிண்ணத்தை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். பையன்களையும் கிளறச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளையை யாரும் ராசி சொல்லி உட்கார வைக்க முடியாது.