கண்மாய் ஒன்று, எஜமானர்கள் பத்து!

2024 அக்டோபர் 25-ஐ மதுரை வடபகுதி மக்கள் அவ்வளவு எளிதில் மறந்துவிட மாட்டார்கள். அன்று பிற்பகல் கொட்டிய மழை ஒரே நாளில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். செல்லூரிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. அரிசி மூட்டை நனைந்தது, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் மிதந்தது. கட்டிலின் மேல் கட்டிலைப் போட்டு முதியவர்களை உட்கார வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருந்த குடும்பங்கள் எத்தனையோ!

வானம் பிளந்து கொட்டியது என்று பழியை வானத்தின் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் உண்மை அதுவல்ல. செல்லூர்க் கண்மாய் நிறைந்தால் உபரிநீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகையில் சேர வேண்டும். முன்னோர் வகுத்த வழி அது. அந்த வாய்க்கால் இன்று சாக்கடையாகவும் குப்பைத் தொட்டியாகவும் சுருங்கிக் கிடக்கிறது. போக வழியில்லாத தண்ணீர் தெருவில் புகுந்தது. தெருவில் இடமில்லாதபோது வீட்டில் புகுந்தது. அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான், கண்மாயிலிருந்து தண்ணீரை வெளியேற்ற 11 கோடியே 90 லட்சம் ரூபாயில் சிமெண்ட் கால்வாய் கட்ட முதலமைச்சர் உத்தரவிட்டார். உத்தரவை வரவேற்கிறோம். ஆனால் மக்கள் நனைந்த பிறகுதானா கோப்பு நகர வேண்டும்?

இன்னொரு காட்சியையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2025 மே மாத இறுதியில் முதலமைச்சர் மதுரைக்கு வந்தபோது, அவர் செல்லும் வழியில் இருந்த இதே பந்தல்குடி வாய்க்கால் கண்ணில் படாதவாறு துணி கட்டி மறைக்கப்பட்டது. செய்தி வெளியாகி ஊரே சிரித்த பிறகு, முதலமைச்சரே நேரில் போய் வாய்க்காலைப் பார்வையிட்டார். சாக்கடையை அகற்றத் தெரியாதவர்களுக்குத் திரை கட்ட மட்டும் தெரிந்திருக்கிறது!

சகோதரர்களே, இது ஒரு வாய்க்காலின் கதையல்ல. மதுரைச் சமவெளியின் கண்மாய்கள் தனித்தனியாக வெட்டப்பட்டவை அல்ல; சங்கிலிபோல் கோக்கப்பட்டவை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே மறுகால் பாய்ந்தால் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. அது நிறைந்தால் அடுத்தது. பாலமேட்டுப் பக்கம் சாத்தையாற்றில் ஓடிவரும் தண்ணீர் கண்மாய் கண்மாயாக இறங்கி நகரத்தின் வண்டியூர்க் கண்மாய்க்கு வந்து சேரும். நாகமலை அடிவாரத்தில் துவரிமான் பக்கம் தொடங்கும் கிருதுமால் நதி மதுரை நகருக்குள் நுழைந்து, சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்கள் வரை வயல்களுக்குப் பாய்ந்தது. அதை நதி என்று சொன்னால் இன்று நம் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும். மேலே வெள்ளம், கீழே வறட்சி!

இந்தச் சங்கிலியைக் காக்க வேண்டியவர் யார்? இங்குதான் வேடிக்கையும் வேதனையும்.

கரையும் மடையும் கலுங்கும் நீர்வளத் துறைக்குச் சொந்தம். அதுவும் 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் என்றால்தான். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நில அளவும் பட்டாவும் வருவாய்த் துறை. உள்ளே நிற்கும் மரம் வனத் துறை. நீந்தும் மீன் மீன்வளத் துறை. வெட்டும் மண்ணுக்குக் கனிமவளத் துறை. கலக்கும் சாக்கடைக்கு மாநகராட்சி. ஆலைக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். குறுக்கே போடும் சாலைக்கு நெடுஞ்சாலைத் துறை. ஆக்கிரமித்துக் கட்டிய வீட்டுக்கு இணைப்புத் தர மின்வாரியம். அந்த மனையைக் கிரயம் செய்து கொடுக்கப் பத்திரப்பதிவுத் துறை. எண்ணிப் பார்த்தால் பத்து எஜமானர்களுக்கும் மேல்! உரிமை கொண்டாடும்போது எல்லோரும் உண்டு. பொறுப்பு என்று வந்தால் ஒருவரும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்து மக்களோடு மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்த அனுபவம் நமக்கு உண்டு. கண்மாய்க்கு வரும் கால்வாயை ஒருவர் மண்ணடித்து மூடிவிட்டார் என்பதுதான் புகார். முதல் அலுவலகத்தில், "கால்வாய் எங்களுடையதுதான், ஆனால் அளந்து காட்டினால்தான் நடவடிக்கை" என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில், "அளக்கிறோம், ஆனால் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான், கடிதம் வாங்கி வாருங்கள்" என்றார்கள். மூன்றாவது அலுவலகத்தில், "அந்த இடம் எங்கள் எல்லைக்குள் வராது" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் திட்டவும் இல்லை. தேநீர்கூடக் கொடுத்தார்கள்! ஆனால் அந்த ஆண்டு மழைக்குக் கண்மாயில் தண்ணீர் ஏறவில்லை. வேலை செய்ய மனமில்லாதவர்கள் மட்டுமல்ல, வேலையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கும் ஏற்பாடும் ஊரை அழிக்கும் என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தமிழக அரசு தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் அது பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளுக்கானது. ஒன்றியக் கண்மாய்களின் கதி? குளம் குட்டைகள் சமுதாயத்தின் பொதுச் சொத்து, அவற்றைக் காப்பது அரசின் கடமை என்று 2001-லேயே உச்சநீதிமன்றம் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2017-ல் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டது. 2021-ல் நீர்வளத்துக்கெனத் தனித் துறை பிரிக்கப்பட்டது. மாநில அளவில் ஈரநில ஆணையமும் உண்டு. பலகைகள் கூடிக்கொண்டே போகின்றன. கண்மாய்கள் குறைந்துகொண்டே போகின்றன!

ஆக்கிரமிப்பாளர் என்றதும் அதிகாரிகளின் கண்ணில் முதலில் படுவது கரையோரத்துக் குடிசைதான். ஆனால் மதுரையில் பெரிய கட்டடங்கள் எங்கே நிற்கின்றன? மாநகராட்சியின் தலைமை அலுவலகம் தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் நிற்கிறது. 2004-ல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் எழுந்தது. நீதிமன்றம் தென்மாவட்ட மக்களுக்குத் தேவை. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அரசே கண்மாயில் கட்டும்போது ஏழையிடம் மட்டும் சட்டத்தைக் காட்டினால் அது நீதியாகுமா? வேறு போக்கிடமின்றிக் கரையில் குடிசை போட்டவருக்கு மாற்று இடம் கொடுத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். மனை பிரித்து விற்றுக் கோடி பார்த்தவரிடமும் அதில் கையெழுத்துப் போட்டவரிடமும் முதலில் கணக்குக் கேளுங்கள்.

பல துறைகள், பல அரசுகள் ஒரு நீர்நிலையைச் சேர்ந்து காக்கவே முடியாதா? உலகத்தைப் பார்ப்போம். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே ஐந்து பேரேரிகள் உள்ளன. உலகின் நிலப்பரப்பில் உள்ள நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான். இரண்டு நாடுகள், அமெரிக்காவின் எட்டு மாநிலங்கள், கனடாவின் இரண்டு மாகாணங்கள் அவற்றில் பங்காளிகள். 1909-லேயே எல்லை நீர் ஒப்பந்தம் போட்டார்கள். ஆனாலும் ஆலைக் கழிவு நின்றபாடில்லை. 1969-ல் அதில் ஒன்றான ஈரி ஏரியில் கலக்கும் குயாகோகா ஆற்றின் எண்ணெய்க் கழிவு தீப்பிடித்து எரிந்தது. ஆறு எரிந்த செய்தி நாட்டை உலுக்கியது. 1972-ல் இரு நாடுகளும் நீர்த்தர ஒப்பந்தம் செய்தன.

அப்புறமும் துறைச் சண்டை ஓயவில்லை. 2003-ல் அமெரிக்கக் கணக்குத் தணிக்கை அமைப்பு எண்ணிப் பார்த்தபோது, அந்த ஏரிப் படுகையின் சீரமைப்புக்குப் பணம் செலவிடும் மத்திய அரசுத் திட்டங்கள் மட்டும் 148, மாநிலத் திட்டங்கள் 51! எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஆளில்லை என்று அறிக்கை சொன்னது. நம் ஊர்க் கதைதான்! 2004-ல் குடியரசுத் தலைவரின் ஆணையால் பல துறைகள் சேர்ந்த ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டுத் தலைமைப் பொறுப்பு சுற்றுச்சூழல் துறையிடம் தரப்பட்டது. 2010 முதல் சீரமைப்புக்கென்று தனி நிதியும் ஒதுக்கப்பட்டது. எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. 2014-ல் ஈரி ஏரியில் நச்சுப்பாசி படர்ந்து, டொலிடோ நகரில் நான்கு லட்சம் பேருக்கு மேல் சில நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தனர். ஆனால் யாரைக் கேட்பது என்பதாவது அங்கே தெரியும்.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. ஒடிசாவின் சிலிகா உவர்நீர் ஏரி சீரழிந்து 1993-ல் உலக அளவிலான ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏற்கெனவே 1991-ல் அதற்கென ஒரே மேம்பாட்டு ஆணையத்தை அந்த மாநில அரசு அமைத்திருந்தது. 2000-ல் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது; 2002-ல் ஏரி அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது. மறுபக்கம் பெங்களூரு. அங்கும் 2002-ல் ஏரி ஆணையம் வந்தது. ஆனால் சாக்கடை நிற்கவில்லை. பெல்லந்தூர் ஏரி நுரை கக்கியது. 2017-ல் தீப்பிடித்தும் எரிந்தது. அதிகாரமும் நிதியும் இல்லாத ஆணையம் பதினோராவது எஜமானனாக வந்து உட்காரும், அவ்வளவுதான்.

ஆகவே நாம் கேட்பது இன்னொரு பலகை அல்ல. நம் கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று: தனித்தனிக் கண்மாய்க்கு அல்ல, ஒவ்வொரு கண்மாய்த் தொடருக்கும் ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டும். சாத்தையாற்றுத் தொடருக்கு ஒருவர், கிருதுமால் தொடருக்கு ஒருவர். மாவட்ட ஆட்சியரின் கீழ், எல்லாத் துறைகளுக்கும் உத்தரவிடும் அதிகாரத்தோடு. அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் கண்மாய்க் கரையிலேயே எழுதப்பட வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு கண்மாய்க்கும் வரத்துக் கால்வாய்க்கும் எல்லைக்கல் நட்டு, வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்தப் புல எண்களில் பத்திரப்பதிவும் மின் இணைப்பும் நடக்கவே கூடாது.

மூன்று: நடைபாதையும் படகும் அலங்கார விளக்கும் பிறகு. சாக்கடையை நிறுத்துவது முதலில். சாக்கடைக் குளத்தைச் சுற்றி நடைபயிற்சி செய்தால் உடம்புக்கு என்ன வரும்? நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து, லோயர் கேம்பிலிருந்து, ஆயிரம் கோடிக்கு மேல் செலவிட்டுக் குழாய் போட்டு மதுரைக்குக் குடிநீர் கொண்டுவரும் அரசு, வீட்டு வாசலில் இருக்கும் தண்ணீரைச் சாக்கடைக்குக் கொடுப்பது என்ன கணக்கு?

நான்கு: எந்த அரசுக் கட்டடமும் இனி நீர்நிலையில் எழக்கூடாது. விதிவிலக்கே வேண்டாம்.

ஐந்து: விவசாயிகள், வணிகர்கள், பெண்கள் அடங்கிய கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இருமுறை கூடி வரவு செலவைக் கேட்க வேண்டும், மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று.

இனி நம் பக்கம் திரும்புவோம். அரசைக் கேட்கும் வாய் நம்மையும் கேட்க வேண்டும். கறிக்கடை, கோழிக்கடைக் கழிவை இரவோடு இரவாக மூட்டை கட்டி வாய்க்காலில் எறிபவர்களில் நம்மவர் இல்லையா? 'விலை குறைவு' என்று மூலப்பத்திரம் பார்க்காமல் கண்மாய் மனையை வாங்கியவர்களில், வாங்கிக் கொடுத்துத் தரகு பெற்றவர்களில் நம்மவர் இல்லையா? தண்ணீர் எல்லோருக்கும் பொது என்பது நம் மார்க்கம் கற்பித்த பாடம். ஒளுச் செய்யும்போது ஒரு கை தண்ணீரை வீணாக்கக் கூசுகிற நாம், ஒரு கண்மாயே களவு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி?

வணிகப் பெருமக்களே! கண்மாய் விவசாயியின் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். வெள்ளம் கடையைத் தேடி வரும்போது சரக்கு நனைகிறது. கண்மாய் வறண்டால் ஆழ்துளைக் கிணறு வறள்கிறது; லாரித் தண்ணீருக்குக் கொடுக்கும் காசு லாபத்தைத் தின்கிறது. கிராமத்தில் விளைச்சல் இல்லையென்றால் மாசி வீதிகளில் வியாபாரம் ஏது?

முடியுமா என்று மலைக்க வேண்டாம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். ஏரிகளும் ஊற்றுகளும் நிறைந்த அந்தப் பகுதி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் அதையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. விவசாயிகள் திரண்டார்கள், வணிகர்கள் கடையடைத்தார்கள். சாதி, மதம், கட்சி பார்க்காமல் ஊர்கள் ஒன்றாக நடந்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் ஒருங்கிணைந்தார்கள், அரசும் இறங்கி வந்தது.

இளைஞர்களே, அடுத்த பருவமழைக்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பகுதித் தண்ணீர் எந்தக் கண்மாயிலிருந்து வந்து எந்த வாய்க்கால் வழியே எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள். அடைப்பு எங்கே, யார் அடைத்தது, எந்தத் துறைக்குரியது என்று எழுதுங்கள். மாற்று மதத்துச் சகோதரர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வாசலில் நின்று யார் வீடு என்று விசாரிப்பதில்லை. எழுதியதை எடுத்துக்கொண்டு ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் ஒன்றாகப் போய் நில்லுங்கள். பத்து எஜமானர்களையும் ஒரே அறையில் உட்கார வைக்கும்வரை அந்த வாசலைவிட்டு நகர வேண்டாம்.