மெய்யுரைக்கும் ஒலிபெருக்கி

முகத்துதி செய்வோர் பலர். குற்றத்தை நேரே எடுத்துரைப்போர் சிலர். அச்சிலருள் வைத்தெண்ணத் தக்கது, ஒலிப்பதிவுக் கூடங்களிற் பாட்டைச் சோதித்தற்கு வைக்கப்பெறும் மானிட்டர் என்னும் ஒலிபெருக்கி. வீட்டு ஒலிபெருக்கி செவிக்கு இன்பம் பயப்பதையே நோக்கமாக உடையது. மானிட்டரோ பதிவின் குறையை மறையாது காட்டுங் கடமை பூண்டது.

ஜப்பான் தேசத்து யமஹா கம்பெனியாரின் என்.எஸ்.10 இதற்குத் தக்க சான்று. 1978-ஆம் ஆண்டில் வீட்டு உபயோகத்திற்கென வெளிவந்த இப்பெட்டி வீடுகளில் வரவேற்புப் பெற்றிலது. ஆயினும் உலகெங்குமுள்ள ஒலிப்பதிவாளர் இதனைக் கைக்கொண்டனர். இதில் நன்றாய் ஒலிப்பது எதிலும் நன்றாய் ஒலிக்கும் என்பது அவர் துணிபு. சொற்றெளிவுக்கு உயிராகிய நடுத்தர ஒலிகளை இஃது எடுப்பாகக் காட்டும். அடைத்த பெட்டியாதலின் முழவோசை இழுபடாது உடனே அடங்கும். 2001-இல் உற்பத்தி நின்ற பின்னரும் இதனைத் தேடி வாங்குவோர் உளர்.

இதனால் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிச் சீமைக்கு யாது பயன் எனின், கூறுவேம். பரளச்சி போன்ற ஊர்களின் தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் ஏட்டில் இருப்பினும் மூதாட்டியர் நாவிலேயே வாழ்வன. அவற்றைக் கைப்பேசியிற் பதியும் இளைஞர், காதிற் செருகுங் கருவியிற் கேட்டு, மேளமுழக்கைச் சேர்த்துக் குரலைத் தாழ்த்திவிடின், அப்போதைக்கு இனிமையாகவே தோன்றும். அதே பதிவு திருவிழாவிற் கூம்புக் குழாய் வழியே வருங்கால், அக்குழாய் ஆழ்ந்த தொனிகளை ஏலாது. முழக்கும் போய்ச் சொல்லும் விளங்காது இரைச்சலே எஞ்சும்.

புதிய கருவிகள் பல இருக்கப் பழையது எற்றுக்கு என்பாரும் உளர். பழமை ஒன்றே பெருமையன்று என்பதை யாமும் ஒப்புகின்றோம். நாட்பட்ட பெட்டிகளில் மின்தேக்கிகள் தரங்குன்றியிருத்தல் கூடும், சோதியாது வாங்கலாகாது. யாம் வேண்டுவது பழம்பொருளன்று, அதன் நேர்மையே. புகழாத ஒலிபெருக்கி எதுவாயினும் அமையும்.

ஆகவே, கல்லூரிதோறும் தமிழ்த் துறையினர் அத்தகைய பெட்டி இரண்டை ஓர் அமைதியான அறையில் வைத்தல் நன்று. மாணவர் தாம் பதிந்த நாட்டுப் பாடல்களை அங்குக் கேட்டு, சொல் மழுங்கிய இடங்களைத் திருத்துக. மூதாட்டி மறைந்த பின் மறுமுறை பாடச் சொல்ல ஆளில்லை. அவள் சொல் பேரனுக்கு விளங்கவேண்டுமாயின், இன்றே நம் செவி மெய்யைக் கேட்கப் பழகுதல் வேண்டும்.